மானத்திற்கு வட்டி கட்டாதீர்கள்!

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இக்கூட்டத்திற்கு நம்மை அழைக்க வந்த வாலிபர்களிடம், எதைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டோம். சற்று நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர், "யாரோடோ நாலு நாள் ஆசையாய்ப் பழகிவிட்டு, அப்புறம் 'பணம் கொடு, இல்லாவிட்டால் உன் சங்கதியை ஊர் முழுதும் பரப்பிவிடுவேன்' என்ற மிரட்டலுக்கு ஆளாகிறவர்கள் என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள் ஐயா" என்றார். உடனே பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "இதெல்லாம் மேடையில் பேசுகிற விஷயமா?" என்று முகத்தைச் சுளித்தார்.

தோழர்களே! அந்தச் சுளித்த முகம் இருக்கிறதே, அதுதான் இன்றைய நம்முடைய விஷயம். மிரட்டுகிறவன் வயிறு வளர்ப்பது அந்த முகச்சுளிப்பை வைத்துத்தான். மேடையில் பேசக்கூடாது, வீட்டில் பேசக்கூடாது, சிநேகிதனிடம் சொல்லக்கூடாது என்று எந்தச் சங்கதியை மூடி வைக்கிறோமோ, அந்தச் சங்கதிக்குத்தான் ஒருவன் விலை பேசுவான். மூடாத பாத்திரத்தைத் திறந்து காட்டுகிறேன் என்று எவனும் மிரட்ட முடியாதல்லவா? ஆகையால் இன்று ஆபாசமும் இல்லாமல், மூடுமந்திரமும் இல்லாமல் இதைப் பேசிவிடுவது என்று நாம் முடிவு செய்தோம்.

முதலில் காரியம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு வாலிபர். ஜவுளிக்கடையில் வேலை, மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு அவருடைய செல்போனில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பேரிலிருந்து 'சாப்பிட்டீர்களா?' என்று செய்தி வருகிறது. இவரைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஊரில் ஆள் இல்லை. மூன்று நாள் தித்திப்பான பேச்சு. நாலாம் நாள் வீடியோ காலில் வரச் சொல்கிறார்கள், போகிறார். கால் மணி நேரச் சந்தோஷம். விடிந்ததும் அவருடைய படமே அவருக்கு வருகிறது. கூடவே அவருடைய அக்காள், மாமனார், முதலாளி ஆகியோருடைய பேரும் வரிசையாய் வருகிறது. '10,000 ரூபாய் அனுப்பு. இல்லையேல் இத்தனை பேருக்கும் படம் போகும்' என்கிறார்கள்.

அந்தத் தொகையைக் கவனியுங்கள். ஒரு லட்சம் கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். மோதிரத்தை அடகு வைத்தால் புரட்டிவிடலாம் என்கிற அளவுக்குத்தான் முதலில் கேட்பார்கள். இவரும் 'போகட்டும், பீடை ஒழிந்தது' என்று கட்டிவிடுகிறார். மறுநாள் 15,000. அதற்கு அடுத்த நாள் 'டெல்லி போலீஸ் அதிகாரி' பேசுகிறார். 'அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள், உன்மேல் கேஸ், உன்னைப் போனிலேயே கைது செய்திருக்கிறோம்' என்கிறார். பிறகு, 'யூடியூப் ஆபீசிலிருந்து பேசுகிறேன், வீடியோவை அழிக்கக் கட்டணம் கட்டு' என்று இன்னொருவர். பெண், போலீஸ், ஆபீஸ் குமாஸ்தா எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரே கூட்டம். ராஜஸ்தானத்தில் பரத்பூர், ஆல்வார், ஹரியானாவில் நூஹ் ஆகிய ஜில்லாக்களில் இந்தத் தொழிலை நடத்தியவர்களைப் போலீசார் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அந்தப் 'பெண்' பல சமயங்களில் முன்பே எடுத்து வைத்த ஒரு வீடியோ. பின்னாலிருந்து தட்டச்சு செய்வது மீசை முளைத்த ஆள். போனிலேயே கைது செய்வது என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது.

இது ஒரு வகை. நேரில் சந்தித்து, ஒரு லாட்ஜ் அறையில் ஒரு நாள் இருந்துவிட்டு, திடீரென்று 'அண்ணன்' என்று ஒருவன் கதவைத் தட்டுவது இன்னொரு வகை. காதலித்த காலத்தில் ஒரு பெண் நம்பி அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு, அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், 'நகையைக் கழற்றிக் கொடு, கூப்பிட்ட இடத்துக்கு வா' என்பது மூன்றாவது வகை. வேஷம் வேறானாலும் நாடகம் ஒன்றேதான்.

நிற்க. இந்த வியாபாரத்தில் அவன் போட்ட முதல் என்ன? ஒரு செல்போன். அதுவும் திருட்டுச் செல்போனாயிருக்கும். மீதி முதலெல்லாம் யாருடையது? நம்முடையது. 'மானம் போய்விடும்' என்று நமக்குள்ளே இருக்கும் பயம்தான் அவனுடைய முதல். நம்முடைய முதலை நம்மிடமிருந்தே வாங்கி, நமக்கே கடன் கொடுத்து, நம்மிடமே வட்டி வசூலிக்கிற சாமர்த்தியசாலி அவன்! இதைவிட லாபமான லேவாதேவி உலகத்தில் வேறு உண்டா?

இதற்கு இங்கிலீஷில் பிளாக்மெயில் என்று பேர். மெயில் என்றவுடன் தபால் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய வார்த்தை. வாரம், வாடகை என்று பொருள். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவிலுள்ள எல்லைப்புறத்தில் 16-ம் நூற்றாண்டில் கொள்ளைக் கூட்டத்தார் இருந்தார்கள். 'எங்களுக்கு இவ்வளவு கொடுத்துவிடு, உன் மாட்டைத் தொடமாட்டோம்' என்று குடியானவர்களிடம் தண்டம் வாங்கினார்கள். அந்தத் தண்டத்துக்குத்தான் அந்தப் பேர். நம் பக்கத்திலும் மாட்டைத் திருடி ஒளித்து வைத்துவிட்டு, மாடு இருக்குமிடத்தைச் சொல்லத் துப்புக்கூலி வாங்குகிற வழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தத் திருடனிடத்திலாவது ஒரு நாணயம் இருந்தது. கூலி கொடுத்தால் மாடு கொட்டகைக்குத் திரும்பி வரும். இந்தச் செல்போன் திருடனிடம் கூலி கொடுத்தால் என்ன திரும்பி வருகிறது? படம் அவனிடமேதான் இருக்கிறது. ஒன்றை நூறாக்கி வைத்துக்கொள்ளவும் அவனால் முடியும். விற்ற பிறகும் சரக்கு வியாபாரியிடமே இருக்கிற வியாபாரத்தில் பணம் போடுகிறவனை நாம் என்னவென்று சொல்லுவது? பணம் கொடுத்தால் அவனுக்கு ஒரே ஒரு சேதிதான் தெரிகிறது. அதாவது, 'இவன் பயப்படுகிறான், இவனிடம் பணமும் இருக்கிறது' என்பதுதான்.

படிக்காதவன், பட்டிக்காட்டான்தான் இதில் மாட்டுவான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் பொக்கிஷ மந்திரி அலெக்ஸாண்டர் ஹாமில்டன். இன்றைக்கும் அந்நாட்டுப் பத்து டாலர் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. ஒரு தேசத்தின் கடனையும் பாங்கியையும் ஒழுங்குபடுத்திய மூளை அது. 1791-ம் வருஷம் கோடைகாலத்தில், அப்போது தலைநகரமாயிருந்த பிலடெல்பியாவில், மரியா ரெனால்ட்ஸ் என்ற இளம்பெண் அவர் வீட்டுக்கு வந்து, புருஷன் தன்னைக் கைவிட்டுவிட்டான், ஊருக்குப் போகப் பணமில்லை என்றாள். அன்று மாலையே அவர் பணத்தை எடுத்துக்கொண்டு அவள் தங்கியிருந்த இடத்துக்குப் போனார். பணம் கொடுப்பதோடு காரியம் நிற்கவில்லை. டிசம்பர் மாதத்தில், கைவிட்டுப் போனதாகச் சொன்ன புருஷன் ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் வந்து சேர்ந்தான். தன் குடும்ப வாழ்வு கெட்டுப்போனதாகக் கடிதம் எழுதினான்; கடைசியில் 1,000 டாலர் என்று அதற்கு ஒரு விலையும் போட்டான்!

ஹாமில்டன் 600 டாலர் ஒரு தடவை, 400 டாலர் ஒரு தடவையாக இரண்டு தவணையில் கட்டினார். அவருக்கு வருஷச் சம்பளமே 3,500 டாலர்தான். அத்தோடு விட்டானா? 'நீங்கள் வழக்கம்போல் வந்து போகலாம்' என்று அந்தப் புருஷனே கடிதம் எழுதினான். பிறகு முப்பது, ஐம்பது என்று 'கடன்' கேட்டுக்கொண்டே இருந்தான். மொத்தம் 1,300 டாலருக்கு மேல் போயிற்று. இவ்வளவு கட்டியாவது ரகசியம் நின்றதா? 1792-ல் வேறொரு மோசடிக் குற்றத்திற்காகச் சிறையில் விழுந்ததும், 'மந்திரியைப் பற்றி எனக்குச் சங்கதி தெரியும்' என்று அவன் வாய் திறந்தான். காங்கிரஸ் அங்கத்தினர் மூவர், மந்திரி சர்க்கார் பணத்தில் சூதாடுகிறார் என்று சந்தேகப்பட்டு, அவ்வருஷம் டிசம்பரில் அவரிடமே வந்து கேட்டார்கள். அவர் எல்லாக் கடிதங்களையும் எடுத்துக் காட்டி உண்மையைச் சொன்னார். அவர்களும் ஒப்புக்கொண்டு போனார்கள். ஆனால் 1797-ல் ஒரு பத்திரிகைக்காரன் அதையே 'பொக்கிஷத் திருட்டு' என்று அச்சடித்துவிட்டான். வேறு வழியில்லாமல் ஹாமில்டன் தாமே ஒரு புஸ்தகம் வெளியிட்டார். 'நாம் திருடவில்லை, ஆனால் அந்தப் பெண்ணோடு தொடர்பு இருந்தது உண்மை, மிரட்டலுக்குப் பணம் கொடுத்ததும் உண்மை' என்பதே அதன் சாரம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? அவர் எதை மறைக்கப் பணம் கொடுத்தாரோ அதுவும் வெளிவந்தது. பணம் கொடுத்ததினாலேயே, செய்யாத திருட்டுப் பழியும் அவர் தலையில் விழுந்தது. அவர் பேர் கெட்டது உண்மைதான். அதை நாம் மறைக்கவில்லை. வீட்டிலிருந்த மனைவி எலிசபெத்துக்கு அவர் செய்த துரோகமும் துரோகம்தான். ஆனால் உண்மையைச் சொன்ன பிறகு அவரிடம் அந்தச் சங்கதியை வைத்து ஒரு டாலர் வாங்க எவனாலும் முடியவில்லை. அந்த அம்மாளும் அவரை விட்டுப் போகவில்லை. அவர் செத்த பிறகு ஐம்பது வருஷம் உயிரோடிருந்து அவர் பேரைக் காப்பாற்ற உழைத்தார். மரியா ரெனால்ட்ஸ் புருஷனுக்குக் கூட்டாளியா, அல்லது அவன் கையில் அகப்பட்ட கருவியா என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் இன்றும் ஒரே அபிப்பிராயம் இல்லை. ஆண்பிள்ளை தன் கட்சியைப் புஸ்தகமாகப் போட்டான்; அந்தப் பெண்ணின் கட்சி அப்படிப் புஸ்தகமாக வரவில்லை. இதையும் மனதில் வையுங்கள்.

நிற்க. மிரட்டுகிறவனுக்கு முதல் கொடுக்கிறவர்கள் நாம் மாத்திரமல்ல. ஒரு காலத்தில் சர்க்காரே கொடுத்து வந்தது. 1885-ல் இங்கிலாந்தில் ஆணும் ஆணும் அந்தரங்கமாய்ப் பழகுவதைக் குற்றமாக்கி ஒரு சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்திற்கு 'மிரட்டுகிறவர்களின் சாசனம்' என்றே பேர் வந்துவிட்டது. ஏனெனில், மிரட்டப்பட்டவன் போலீசுக்குப் போனால் மிரட்டினவனுக்கு முன்னே இவனல்லவா ஜெயிலுக்குப் போக வேண்டும்! 1967-ல்தான் அங்கே அதைத் தளர்த்தினார்கள். நம் நாட்டிலும் 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் 377-வது பிரிவு அந்த வேலையைச் செய்துவந்தது. 497-வது பிரிவோ, பிறன் மனைவியோடு அவள் புருஷன் சம்மதமில்லாமல் கூடுவது குற்றம் என்றது. அதாவது, மாட்டுக்குச் சொந்தக்காரன்போல் மனைவிக்குச் சொந்தக்காரன் புருஷன் என்று அர்த்தம்.

2018-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்தவர்கள் சம்மதித்துப் பழகுவதைப் பொறுத்தவரை 377-ஐ 6-ந் தேதியிலும், 497-ஐ 27-ந் தேதியிலும் செல்லாது என்று தள்ளிவிட்டது. அந்தரங்கம் என்பது ஒருவருடைய அடிப்படை உரிமை என்று அதற்கு முந்தின வருஷம், 2017 ஆகஸ்டிலேயே தீர்ப்பாகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமுலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த இரண்டு பிரிவுகள் கிடையா. கல்யாணமானவர் வேறொருவரோடு பழகினால் விவாகரத்துக்குக் காரணமாகலாம். ஆனால் ஜெயிலுக்குக் காரணமாகாது. ஆகவே, வயது வந்த இருவர் மனமொத்துப் பழகினார்கள் என்பதற்காக 'போலீசில் பிடித்துக்கொடுப்பேன்' என்று ஒருவன் சொன்னால், 'தாராளமாய் வா, இருவருமே போவோம்' என்று நீங்கள் சொல்லலாம். அங்கே குற்றவாளி அவன்தான். மிரட்டிப் பணம் பறிப்பதற்குப் பழைய சட்டத்தில் மூன்று வருஷம் வரை தண்டனை. புதிய சட்டத்தின் 308-வது பிரிவில் ஏழு வருஷம் வரை. அப்படிப்பட்ட படங்களைப் பரப்புகிறவனுக்கு 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஏ பிரிவில் முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறையும், பத்து லட்சம் வரை அபராதமும் உண்டு.

ஆனால் ஒன்று. சட்டம் முதலைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது. நாம் இன்னும் வாங்கவில்லை. முக்கியமாய்ப் பெண்கள் விஷயத்தில் வாங்கவில்லை. ஓர் ஆண் இப்படி மாட்டிக்கொண்டால், 'ஆம்பிளைப் பிள்ளை, ஏதோ புத்தி கெட்டுப் போனான்' என்று ஒரு மாதத்தில் மறந்துவிடுகிறோம். அதே காரியத்தில் ஒரு பெண் மாட்டிக்கொண்டால், 'குடும்ப மானத்தைக் கெடுத்தாள்' என்று படிப்பை நிறுத்துகிறோம், செல்போனைப் பிடுங்குகிறோம், கிடைத்தவனுக்குக் கட்டிவைக்கிறோம். சில வீடுகளில் மிரட்டினவனுக்கே கட்டிவைக்கிற அக்கிரமமும் நடக்கிறது. திருடனைப் பிடித்துத் திருட்டுச் சொத்துக்கே தர்மகர்த்தாவாக்குவது போன்ற இந்த வேலைக்கு 'மானம்' என்று பேர்! ஒரே காரியத்துக்கு ஆணுக்கு ஒரு தராசு, பெண்ணுக்கு ஒரு தராசு வைத்திருக்கிற வரையில், மிரட்டுகிறவன் பெண்ணிடம் இரட்டை வட்டி வாங்கத்தான் செய்வான்.

பொள்ளாச்சியை மறந்திருக்கமாட்டீர்கள். சிநேகமாய்ப் பேசிப் பழகி, காரில் ஏற்றிப் போய்ப் பலாத்காரம் செய்து, அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு மிரட்டிய கூட்டம் அது. எத்தனையோ பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவர்கள் தைரியமாய் நடந்தார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி வீட்டில் சொன்னாள். வீட்டார் அவளை அடிக்கவில்லை, போலீசுக்குக் கூட்டிப்போனார்கள். அந்த ஒரு வாயில்தான் அணை உடைந்தது. வழக்கு நடந்த ஆறு வருஷத்தில் சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை என்று சர்க்கார் வக்கீல் சொன்னார். 2025 மே 13-ந் தேதி கோயமுத்தூர் மகளிர் கோர்ட்டு ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை என்று தீர்ப்பளித்தது. ஒன்பது ஆண்களின் பலத்தை முறித்தது, சொல்லத் துணிந்த பெண்களும், அவர்களை நம்பிய வீட்டாரும்தான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். 'அப்படியானால், ஏமாற்றிப்போன ஆண்பிள்ளையிடம் ஒரு பெண் பணம் கேட்பதெல்லாம் மிரட்டல்தானா?' என்று. இல்லவே இல்லை. அதையும் திட்டமாய்ச் சொல்லிவிடுகிறோம். கல்யாணம் செய்துகொள்வதாய்ப் பொய் வாக்குக் கொடுத்து ஒரு பெண்ணைக் கூடினவனுக்குப் புதிய சட்டத்தின் 69-வது பிரிவில் பத்து வருஷம் வரை தண்டனை இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஒரு குழந்தை பிறந்தால், கல்யாணம் நடந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தைக்கு ஜீவனாம்சம் கொடுக்கத் தகப்பன் கடமைப்பட்டவன். இந்த உரிமையைக் கேட்கிற பெண்ணைப் பார்த்து 'மிரட்டுகிறாள்' என்று சொல்லுகிற அயோக்கியனுக்காக நாம் இங்கே வக்காலத்து வாங்க வரவில்லை. உரிமைக்கும் மிரட்டலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். உரிமை கேட்கிறவர், 'கோர்ட்டுக்கு வா, நாலு பேர் முன்னிலையில் பேசலாம்' என்பார். மிரட்டுகிறவன், 'யாருக்கும் சொல்லாதே, இன்று ராத்திரிக்குள் அனுப்பு' என்பான். வெளிச்சத்தைக் கேட்பது உரிமை. இருட்டைக் கேட்பது திருட்டு.

சரி, மாட்டிக்கொண்டவர் என்ன செய்ய வேண்டும்? வரிசையாய்ச் சொல்லுகிறோம், வீட்டுக்குப் போனதும் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

முதலாவது, ஒரு காசும் கொடுக்காதீர்கள். முன்பே கொடுத்திருந்தால் இத்தோடு நிறுத்துங்கள். கெஞ்சாதீர்கள், தவணை கேட்காதீர்கள், திருப்பி மிரட்டவும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். அவன் அனுப்பிய செய்தி, பேசிய நம்பர், கணக்கின் பேர், பணம் போன வங்கிக் கணக்கு, தேதி, நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அது சாட்சியம். அதன் பிறகு அவனைத் தடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். இதுதான் மிகவும் கஷ்டமானது. இதுதான் மிகவும் முக்கியமானதும். ஒருவரிடம் சொன்னவுடனே அவனுடைய முதலில் பாதி கரைந்துவிடுகிறது.

நான்காவது, 1930 என்ற நம்பருக்குப் பேசுங்கள். சைபர் குற்றங்களுக்கென்று மத்திய சர்க்கார் வைத்திருக்கும் இணையதளத்திலும் எழுதலாம். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ அவ்வளவுக்கு அதை வங்கியில் நிறுத்திவைக்க வழியுண்டு. நேரில் போவதானால் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுக்கலாம்; 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பியனுப்பச் சட்டத்தில் இடமில்லை. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற நம்பர்களும் இருக்கின்றன.

ஐந்தாவது, படம் பரவாமல் தடுக்கவும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2021 முதல் 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இணையதளம் நடக்கிறது. உங்கள் படத்துக்கு உங்கள் செல்போனிலேயே கைரேகை போன்ற ஓர் அடையாள எண்ணை அது உண்டாக்கும். படம் உங்களை விட்டு எங்கும் போகாது. அந்த எண் மாத்திரம் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற கம்பெனிகளுக்குப் போகும். அந்தப் படத்தை ஒருவன் அங்கே ஏற்றினால் அவர்கள் கண்டுபிடித்துத் தடுக்கலாம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று இதேபோல் தனியாக இருக்கிறது.

இவ்வளவு செய்தும் அவன் படத்தை அனுப்பிவிட்டால்? சில சமயம் அனுப்பத்தான் செய்வான். அனுப்பமாட்டான் என்று உங்களுக்குப் பொய்த் தைரியம் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அனுப்பின நிமிஷத்தோடு அவன் கைச்சரக்கு தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு எதைக் காட்டிப் பணம் கேட்பான்? ஆகவே அவன் முந்துவதற்கு முன் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். 'ஒரு திருட்டுக் கூட்டம் என்னை மிரட்டிப் பணம் கேட்கிறது. ஏதாவது படம் வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன்' என்று வேண்டியவர்களுக்கு இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். அதோடு அவன் கடை மூடியாயிற்று.

செய்யக்கூடாததையும் சொல்லுகிறோம். சிலர் போலீசுக்குப் போக வெட்கப்பட்டு ஜோசியனிடம் போகிறார்கள். அவன் கிரகத்தைக் காட்டி மிரட்டி இன்னொரு 10,000 வாங்குகிறான். ஒரு மிரட்டலுக்குப் பரிகாரம் இன்னொரு மிரட்டலா? வேறு சிலர் 'வீடியோவை அழித்துத் தருகிறேன்' என்று விளம்பரம் செய்கிறவனிடம் பணம் கட்டுகிறார்கள். அவனும் பெரும்பாலும் அதே ஜாதித் திருடன்தான்.

இன்னும் சிலர், தோழர்களே, கயிற்றைத் தேடுகிறார்கள். இதைச் சொல்லும்போது நமக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்து வருகிறது. கால் மணி நேரப் படத்துக்கு ஓர் உயிரா? அவன் பறித்தது பத்தாயிரம். அவனுக்காக நீங்கள் உங்கள் தாய்க்குப் பிள்ளை இல்லாமல் செய்வதா? உடம்பு என்பது எல்லோருக்கும் இருக்கிறது. ஆசையும் எல்லோருக்கும் இருக்கிறது. ஆசைப்பட்டது அவசரமாயிருக்கலாம், அசட்டுத்தனமாயிருக்கலாம். கல்யாணமானவராயிருந்தால் தம் துணைக்கு அவர் பதில் சொல்லியும் ஆக வேண்டும். அது அவர்கள் இருவருக்குள்ள கணக்கு. அதற்கு உயிர் விலையல்ல. அப்படிப்பட்ட எண்ணம் வந்தவர், ராத்திரி எந்நேரமானாலும் 14416 என்ற நம்பருக்குப் பேசுங்கள். தமிழிலேயே பதில் சொல்வார்கள், காசு கிடையாது. பேச முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவையாவது தட்டுங்கள்.

கடைசியாக, மிரட்டப்படாத மற்றவர்களுக்கு, அதாவது நமக்கு, ஒரு வார்த்தை. மிரட்டுகிறவன் தனியாய்த் தொழில் நடத்துவதில்லை. நாமெல்லோரும் சம்பளமில்லாமல் அவனுக்கு வேலை செய்கிறோம். ஒரு படம் நம் கைக்கு வந்தால், 'இதைப் பார்த்தாயா?' என்று அடுத்தவனுக்கு அனுப்புகிறோமே, அப்போது அவனுக்குத் தபால்காரனாகிறோம். சட்டப்படி நாமும் குற்றவாளிதான். டீக்கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஒருவன் மோதிரத்தை அடகு வைக்கிறான். 'என் பிள்ளை இப்படிச் செய்தால் வெட்டிப் போடுவேன்' என்று வீட்டில் வீரம் பேசுகிறோமே, அந்த வீரத்தைக் கேட்ட பிள்ளை ஆபத்து வந்த அன்று நம்மிடம் வருமா, அல்லது மிரட்டுகிறவனிடம் போகுமா?

ஆகையால் தகப்பன்மார்களே, தாய்மார்களே! இன்றைக்கே உங்கள் பிள்ளைகளிடம், ஆண் பெண் என்ற பேதமில்லாமல், ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 'எவனாவது எதைக் காட்டியாவது உன்னை மிரட்டினால் முதலில் என்னிடம் வா. நீ செய்தது சரியா தப்பா என்று அப்புறம் பேசிக்கொள்வோம். முதலில் அவனைப் பார்ப்போம்' என்று. இந்த இரண்டு வரிக்கு முன் எந்த மிரட்டல்காரனும் நிற்கமாட்டான்.

வாலிபர்களுக்கும் ஒரு யோசனை. இந்தச் சங்கத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, வாய் அடக்கமுள்ள இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் நம்பரை வாசற்பலகையில் எழுதி வையுங்கள். மிரட்டப்பட்டவர் யாராயிருந்தாலும் அவரோடு கூடப் போய்ப் போலீசில் எழுதிக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. உபதேசம் செய்வது அவர்கள் வேலை அல்ல.

நாம் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.  இதையெல்லாம் மேடையில் பேசலாமா என்று கேட்ட அந்தப் பெரியவரும் கடைசி வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நமது வந்தனம்.